ஆறு பவுண்டு நரம்பு

கேன்ட்ரெல் ஃபெரி, டென்னசி
ஜூன் 18

நெல்டா,

போன் செய்தால் உன் தங்கை வெர்னா எடுத்து, "அக்கா குளிக்கிறா" என்கிறாள். காலையில் கேட்டாலும் குளியல், ராத்திரி கேட்டாலும் குளியல். ஒரு வாரமாகத் தேய்த்துக் குளிக்கிற அளவுக்கு நம் வீட்டில் உன்மேல் என்ன அழுக்கு ஒட்டியது என்று தெரியவில்லை. அதனால் காகிதத்தில் கேட்கிறேன். காகிதம் குளிக்கப் போகாது.

கேள்வி ஒன்றுதான். என் தூண்டில் ரீலில் கை வைத்தது யார்?

தம்பதிகள் மீன்பிடிப் போட்டி முடிந்து, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கெண்டக்கிக்குப் போனாய் அல்லவா, அதற்கு மறுநாள் படகிலிருந்த என் தூண்டில் கோல்களை எல்லாம் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை, பஸ் ஷெட்டில் தூங்குகிறது, டிரைவருக்கு வேறு என்ன வேலை. ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தடவிப் பார்த்தேன். மூன்று கோல்களில் இருந்தது என் முடிச்சே இல்லை. நான் தூண்டில் நரம்பை இரட்டையாக மடித்துப் போடுகிறவன். என் முடிச்சு விரலுக்குப் பட்டாணி மாதிரி உருண்டையாகத் தட்டுப்படும். அந்த மூன்றும் நீளமாக, ஐந்து சுற்றுச் சுற்றியவை. அது உன் கை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

கல்யாணமான நாளிலிருந்து நம் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. உன் ரீல் உனக்கு, என் ரீல் எனக்கு. பல் தேய்க்கிற பிரஷ்ஷைப் போல. சண்டை வந்தாலும் அதை மட்டும் நாம் மீறியதில்லை. நீ மீறியிருக்கிறாய்.

இப்போது அந்த மீனை நினைத்துப் பார். படகு ஓரத்துக்கு வந்துவிட்டது. நீ வலையைத் தண்ணீரில் இறக்கிவிட்டாய். இந்த ஏரியில் அப்படி ஒரு பாஸ் மீனை நான் பார்த்ததில்லை. அது தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பியது, நரம்பு போய்விட்டது. கோப்பை யாருக்குப் போனது? படகுத்துறைக் கடைக்காரன் க்ளோவிஸ் டார்ப்லிக்கும் அவன் பெண்டாட்டிக்கும்.

நேற்று உன் தையல் பெட்டியில் கத்தரிக்கோல் தேடினேன். அடியில் ஒரு நரம்புச் சுருள். பின்னல் நரம்பு. பள்ளிக்கூட பஸ் நிறத்தில், கண்ணைப் பறிக்கிற மஞ்சள். க்ளோவிஸ் கடை வில்லை அதில் ஒட்டியிருக்கிறது. மஞ்சள் நரம்பு சின்னப் பிள்ளைகளுக்கு விற்பது. உனக்கு எதற்கு? அதையும் ஏன் ஒளித்து வைத்தாய்?

நான் நரம்பு தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு பாடுபடுகிறவன் என்று உனக்குத் தெரியும். நம் ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி. மீன் நம் முகத்தைப் பார்த்து யோசித்துவிட்டுத்தான் கடிக்கும். அதற்கு ஃப்ளோரோகார்பன்தான், தண்ணீரில் இருப்பதே தெரியாது. எட்டு பவுண்டு இழுப்புத் தாங்குவதைப் போட்டால் கம்பி மாதிரி விறைத்துக்கொண்டு ஸ்பின்னிங் ரீலிலிருந்து சுருள் சுருளாகத் துள்ளும். நாலு போட்டால் பயம். ஆறுதான் சரி. அதைத் தேர்ந்தெடுத்தது நான், சுற்றியது நான். பிறகு அது எப்படி அறுந்தது?

க்ளோவிஸ் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தான்? அதை மட்டும் எழுது.

டாயில்

*

ஜூன் 24

டாயில்,

உன் கடிதத்தை வெர்னா படிக்கக் கேட்டேன் என்று நினைக்காதே. நானே படித்தேன். இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது, காரணம் பிறகு சொல்கிறேன்.

மீன் எடை போடுகிற இடத்தில், ஊரே நிற்கும்போது, ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு நீ சொன்னதை உன் கடிதத்தில் காணோம். நான் எழுதுகிறேன். "என் பொண்டாட்டி யாருக்கு வேலை பாக்கறாளோ எனக்குத் தெரியல." அதைத்தான் சொன்னாய். பாதிரியார் மனைவி கையிலிருந்த எலுமிச்சைச் சாற்றைக் கீழே போட்டாள். முப்பத்து நாலு வருஷம் உன்னோடு ஒரே படகில் உட்கார்ந்தவள் நான். விடியற்காலைக் குளிரில், உன் குறட்டையை விட மோசமான உன் எஞ்சின் சத்தத்தில். அன்றைக்கு நான் பெட்டியைத் தூக்காமல் இருந்திருந்தால் வலைக் கம்பாலேயே உன்னை அடித்திருப்பேன்.

ஆமாம், உன் முடிச்சுகளில் கை வைத்தது நான்தான். மூன்றிலும் நான்தான். ஏன் என்று உன்னையே கேட்டுக்கொள்.

இப்போது என் முறை. எனக்கும் கேள்விகள் இருக்கின்றன.

நம் வாசல் தபால் பெட்டி ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது? பக்கத்து வீட்டு ஹென்ஸ்லியின் மகன் இடித்துவிட்டான் என்று நீ சொன்னாய். ஹென்ஸ்லியின் வண்டி சிவப்பு. பெட்டியில் ஒட்டியிருந்தது நம் வண்டியின் பச்சை.

புதன்கிழமை தேவாலயத்துக்கு ராத்திரி போவதை ஏன் விட்டாய்? ஜெபம் அலுத்துவிட்டது என்றாய். உனக்கு ஜெபம் அலுத்ததா, சாலையா?

உன் எழுத்து ஏன் வரியை விட்டு இறங்கிப் போகிறது? இதற்குத்தான் இரண்டு முறை படித்தேன். நீ குடிக்கிறவன் இல்லை. குடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அறுந்துபோன நரம்பின் நுனியை வைத்திருக்கிறாயா? வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். அதைப் பார். பார்த்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று எனக்கு எழுது. மறைக்காமல் எழுது.

நெல்டா

*

ஜூலை 1

நெல்டா,

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, பதிலுக்குப் பத்துக் கேள்வி. வக்கீலைக் கட்டியிருந்தால்கூட இவ்வளவு பாடு இருந்திருக்காது.

தபால் பெட்டியை ஹென்ஸ்லியின் மகன்தான் இடித்தான். அவன் யாருடைய வண்டியை ஓட்டினானோ. என் எழுத்துக்கு ஒன்றும் கேடு இல்லை. நீ வாங்கி வைத்த இந்த மலிவுக் காகிதத்தில் கோடுகளே வளைந்துதான் அச்சாகியிருக்கின்றன. நடுவில் ஆறு ஓடுகிற மாதிரி நெளிகின்றன. கோடு வளைந்தால் எழுத்து எப்படி நேராகப் போகும்? கடைக்காரரிடம் திருப்பிக் கொடு.

நரம்பின் நுனியைப் பார்த்தேன். பன்றி வால் மாதிரி சுருண்டிருக்கிறது. விரலில் வைத்து உருட்டினால் ஸ்பிரிங் மாதிரி துள்ளுகிறது. பன்றி வால் என்றால் என்னவென்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாறையில் உரசி அறுந்தால் நுனி சொரசொரப்பாக இருக்கும். வெட்டியிருந்தால் நறுக்கென்று இருக்கும். சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. எச்சில் தொட்டு நனைக்காமல் காய்ந்த நரம்பை இறுக்கியிருக்கிறார்கள். ஃப்ளோரோகார்பனைக் காயவிட்டு இறுக்கினால் உரசுகிற சூட்டிலேயே வெந்துபோகும். முதல் வருஷம் கோல் பிடிக்கிறவன்கூட நனைத்துத்தான் இறுக்குவான். நீ அவசரத்தில் நனைக்காமல் விட்டிருக்கிறாய். அல்லது தெரிந்தே விட்டிருக்கிறாய். எது என்று நீ சொல்.

நரம்புமேல் பழி விழக்கூடாது என்று அதையும் சோதித்தேன். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு துண்டு போட்டேன். நைலானாக இருந்தால் மேலேயே மிதந்துகொண்டு நிற்கும். இது அமுங்கிவிட்டது. போட்டதுமே எங்கே போனது என்று தெரியவில்லை. அசல் சரக்குதான்.

இருந்தாலும் இந்த வருஷம் நரம்புகள் சரியில்லை. வசந்தத்திலிருந்து மூன்று கம்பெனி மாற்றிவிட்டேன், இப்போது நாலாவது. எல்லாமே அளவுக்கு மீறித் தெளிவாகச் செய்கிறார்கள். மீனுக்குத் தெரியக்கூடாது சரி, பிடிக்கிறவனுக்குமா தெரியக்கூடாது? காற்றைச் சுருட்டி விற்கிறார்கள்.

அப்புறம், க்ளோவிஸ் கடைக்கு நடந்து போனேன். கொக்கிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என் பொண்டாட்டிக்கு மஞ்ச நரம்பு வித்தியா?" என்றேன்.

"வித்தேன். கடைதானே வெச்சிருக்கேன்."

"எதுக்குன்னு சொன்னா?"

"அத அவகிட்ட கேளு."

"உன்கிட்ட கேக்கறேன்."

"டாயில், ஒங்க வீட்டுச் சண்டைய ஒங்க வீட்ல போடு. எனக்கு யாவாரம் இருக்கு" என்றான். சொல்லிவிட்டு ஒரு கோப்பையில் காபி ஊற்றி என் கையில் வைத்தான். வைத்தவன், நான் கெட்டியாகப் பிடித்துவிட்டேனா என்று பார்த்த பிறகுதான் விரலை எடுத்தான். கோப்பையை ஜெயித்தவன் தோற்றவனுக்கு எதற்குக் காபி ஊற்ற வேண்டும்? மடியில் கனம் இருக்கிறவன் செய்கிற உபசாரம் அது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஏதோ இருக்கிறது. நீ சொல்லாவிட்டால் ஊரில் யாராவது சொல்வார்கள்.

டாயில்

*

ஜூலை 8

டாயில்,

காகிதம் நெளிகிறது என்று எழுதியிருந்தாய். அதே காகிதக் கட்டிலிருந்து பத்துத் தாள் நான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். இதுவும் அதில் ஒன்றுதான். கோடு நேராகத்தான் இருக்கிறது. வெர்னாவிடம் காட்டினேன், அவள் பேரனிடம் காட்டினேன், ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் வைத்த சோளரொட்டி கருகியதுகூடத் தெரியவில்லை.

இனி சொல்லாமல் இருக்க முடியாது.

போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலம். நீ படகின் முன்பக்கம் உட்கார்ந்து நரம்பைத் தூண்டில் முள்ளின் காதில் கோத்துக்கொண்டிருந்தாய். வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாய். விட்டுவிட்டு உதட்டில் நனைத்தாய். மறுபடி தூக்கினாய். நான் தெர்மாஸைத் திறந்து, ஊற்றி, குடித்து முடிக்கிற வரைக்கும் கோத்துக்கொண்டிருந்தாய். பிறகு, "இந்தக் கம்பெனிக்காரனுங்க முள்ளுக் காத சின்னதாக்கிட்டானுங்க" என்றாய். நான் தலையாட்டினேன். அது என் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும், நீ வண்டியையும் டிரெய்லரையும் நிறுத்தப் போகிற நேரத்தில், உன் முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பேன். நல்லதை விட்டுவிடுவேன். மோசமானதை வெட்டிவிட்டு மறுபடி போடுவேன். நனைத்துத்தான் இறுக்கினேன். நீ சட்டம் பேசுகிற ஆள், உனக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகும் என்று எனக்குத் தெரியாதா? போட்டியன்று காலையிலும் அப்படித்தான் மூன்றை மாற்றினேன். அந்தப் பெரிய மீன் கடித்தது நாலாவது கோலில். அதை நீ பகலில் வெட்டிவிட்டு, ரப்பர் புழுவை மாற்றி, நீயே கட்டினாய். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். கட்டி முடிக்கவே பெரும்பாடு. நனைக்க மறந்தாய். காலையிலிருந்து நீ என்னைச் சிடுசிடுத்த கோபத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மஞ்சள் நரம்பு உனக்குத்தான் வாங்கினேன். ரீல் முழுக்க மஞ்சள், மீன் பக்கம் கடைசிப் பத்தடிக்கு மட்டும் நிறமில்லாத ஃப்ளோரோகார்பன். மீனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். க்ளோவிஸிடம், "எனக்குத்தான்" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருப்பது. உனக்கு அதை எப்படி நீட்டுவது என்று தெரியாமல் தையல் பெட்டியில் போட்டேன்.

உன் அப்பா கடைசியில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று ஞாபகம் இருக்கிறதா? ஜன்னல் ஓரத்து நாற்காலியில், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கோழி பார்க்கிற மாதிரி. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓரத்தில்தான் தெரியும் என்பார். நீ இப்போது என்னோடு பேசும்போது என் காதைப் பார்க்கிறாய். ஒரு வருஷமாகப் பார்க்கிறாய். முதலில் நான் வேறு என்னென்னவோ சந்தேகப்பட்டேன். முகத்தைப் பார்க்க முடியாத குற்றம் ஏதோ செய்திருக்கிறாய் என்று உன் சட்டைப் பைகளைக்கூடத் துழாவினேன். கிடைத்தது ஒரு பூதக்கண்ணாடிதான்.

அதனால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. உனக்கே தெரியும் என்று நினைக்கிறேன், டாயில். தெரிந்துகொண்டே நரம்பை மாற்றிக்கொண்டிருக்கிறாய்.

மீன் போனால் போகட்டும். கோப்பையை க்ளோவிஸ் வீட்டுப் பூனைக்குப் பால் ஊற்ற வைத்துக்கொள்ளட்டும். என் பயமெல்லாம் அந்த பஸ். ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறக்கிறது. மில் ரோடு ரயில் கேட்டில் நீ வண்டியை நிறுத்தி, பஸ் கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போகவேண்டும். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாத கண்ணோடு நீ எதைப் பார்ப்பாய்?

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கண் டாக்டரிடம் போ. போகாவிட்டால் பள்ளிக்கூட ஆபீஸுக்கு நானே எழுதுவேன். நீ என்னை ஆயுசுக்கும் மன்னிக்காவிட்டாலும் எழுதுவேன்.

நெல்டா

*

ஜூலை 13

நெல்டா,

நன்றாக ஜோடித்திருக்கிறாய். இதை எழுத உனக்கு எத்தனை நாள் ஆனது? க்ளோவிஸும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானா?

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஓக் மர உச்சியில் ஓடுகிற அணில் தெரிகிறது. பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறேன், ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்ததில்லை. செத்துப்போன என் அப்பாவை இதில் இழுக்காதே. அவருக்கு வந்தால் எனக்கும் வரவேண்டும் என்று யார் சொன்னது? உன் அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது மட்டும் உனக்கு வந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

தோற்கடித்ததை மறைக்க என்னைக் குருடனாக்குகிறாய். பஸ்ஸையும் பிடுங்கிவிட்டால் நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கிடப்பேன், நீ நினைத்தபடி போகலாம் வரலாம். அதுதானே திட்டம்? இரண்டு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் என் முடிச்சை வெட்டியவள் இன்னும் என்னென்ன செய்திருப்பாயோ.

எழுதி என்ன பயன். கையால் காட்டுகிறேன். இன்றைக்குச் சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து, ஆறு பவுண்டு ஃப்ளோரோகார்பனில், யார் துணையும் இல்லாமல் ஒரு முடிச்சுப் போட்டேன். நனைத்துத்தான் இறுக்கினேன். விரலில் தடவிப் பார், பட்டாணி மாதிரி இருக்கும். முள்ளை அட்டையில் குத்தி இந்த உறையில் வைத்திருக்கிறேன். உன் கையால் இழுத்துப் பார். வெர்னாவை விட்டு இழுக்கச் சொல். நரம்பு அறுந்தாலும் அறும், அந்த முடிச்சு வராது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது. எடை போட்ட இடத்தில் படித்துக் காட்டுகிறேன்.

டாயில்

*

ஜூலை 18

டாயில்,

உன் உறை வந்தது. வெர்னாவை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகத்தான் பிரித்தேன்.

முள்ளும் வந்தது, முடிச்சும் வந்தது. இரண்டும் தனித்தனியாக வந்தன.

முடிச்சு நல்ல முடிச்சு. பட்டாணிதான். நீ எனக்கு முதன்முதலில் கட்டிக் காட்டியதைப் போலவே இருக்கிறது, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் நரம்பு முள்ளின் காதுக்குள் போகவே இல்லை. காதுக்குப் பக்கத்தில் போயிருக்கிறது. நீ முள்ளின் உடம்பைச் சுற்றி முடிச்சை இறுக்கிவிட்டு, அட்டையில் குத்திவிட்டாய். வழியில் தபால்காரர்களின் குலுக்கலிலேயே நழுவிவிட்டது. நான் இழுக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை.

நான் அழுதேன். ஜெயித்தவள் அழக்கூடாதாம், வெர்னா சொல்கிறாள். இதில் நான் எதை ஜெயித்தேன்?

உன்னைத் தெரியும். நான்தான் முள்ளைக் கழற்றிவிட்டுக் கதை கட்டுகிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். முடிச்சைத் திருப்பி அனுப்புகிறேன். அதன் நடுவே இருக்கிற வளையத்தை விரலால் தடவு. கண் பொய் சொன்னாலும் உன் விரல் பொய் சொல்லாது. காதுக்குள் நுழைந்த வளையமா, தண்டைச் சுற்றிய வளையமா என்று அதுவே சொல்லும்.

ஆபீஸுக்கு எழுதவேண்டிய கடிதத்தை எழுதிவிட்டேன். தபால்தலையும் ஒட்டிவிட்டேன். வெர்னா வீட்டுக் குளிர்பதனப் பெட்டிமேல் இருக்கிறது. அதை என்னைத் தபாலில் போட வைக்காதே, டாயில். கெஞ்சுகிறேன்.

நெல்டா

*

கேன்ட்ரெல் ஃபெரி
ஜூலை 27

அன்புள்ள நெல்டா,

எழுத்து வேறு ஆளுடையது என்று பார்த்ததும் பயந்துவிடாதே. நான் சாகவில்லை. நான் சொல்லச் சொல்ல க்ளோவிஸ் டார்ப்லி எழுதுகிறான். ஆமாம், அவன்தான்.

நீ சொன்னபடியேதான் நினைத்தேன். நீ முள்ளைக் கழற்றிவிட்டாய் என்று மூன்று நாள் சாப்பிடாமல் திட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சை விரலால் தடவினேன். வளையம் பெரிதாக இருந்தது. அதையும் நம்பவில்லை. நீ வேறு முடிச்சு கட்டி அனுப்பியிருப்பாய் என்று தோன்றியது. சாட்சி வேண்டும் என்று நரம்பையும் ஒரு பிடி முள்ளையும் எடுத்துக்கொண்டு இவன் கடைக்குப் போனேன். உனக்குக் கூட்டாளி இவன்தான் என்றால் இவன் வாயாலேயே உண்மையை வரவழைக்கலாம் என்று கணக்கு.

"நான் கட்டறேன், நீ இழு. புடிச்சிருந்தா என் பொண்டாட்டி பொய் சொல்றா. எல்லார் முன்னாடியும் நீ ஒத்துக்கணும்" என்றேன்.

"புடிக்கலைன்னா?" என்றான்.

"புடிக்கும்."

இவன் கடைக்கதவைச் சாத்திவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தான். நான் கட்டிக் கட்டிக் கொடுத்தேன். கெட்டிக்காரத்தனமாகத்தான் கட்டினேன். இவன் ஒவ்வொன்றாக இழுத்து, ஒன்றும் பேசாமல் மேசைமேல் வைத்துக்கொண்டே வந்தான். பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவன் வாய் மூடி இருந்து நீ பார்த்திருக்கிறாயா? கடைசியில் என் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தான். ஒரு பக்கம் முள் கும்பல், ஒரு பக்கம் முடிச்சுக் கும்பல். சேர்ந்திருந்தது கொஞ்சம்தான்.

(இந்த இடத்தில் டாயில் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். நான் எழுதவில்லை. க்ளோவிஸ்.)

எழுது என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்கிறான். போகட்டும்.

எனக்கே தெரியும் என்று நினைப்பதாக எழுதியிருந்தாய். தெரியும் என்று சொன்னால் பொய், தெரியாது என்று சொன்னாலும் பொய். நரம்பு தெரியாதபோதெல்லாம் நரம்பில்தான் கோளாறு என்று நினைத்தேன். மாற்றினேன். அதுவும் தெரியவில்லை. வேறு மாற்றினேன். உன் முகம் தெரியாதபோது மாற்ற ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் காதைப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் உன் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் புகை மாதிரி இருக்கிறது. தபால் பெட்டியை இடித்தது நான்தான். ஹென்ஸ்லி மகனிடம் சொல்லிவிட்டேன். அவனுக்கு விஷயமே தெரியாது, விழித்தான்.

டாக்டரிடம் க்ளோவிஸ் கூட்டிப்போனான். அப்பாவுக்கு வந்ததேதான். வலது கண்ணில் நடுப்பாகம் போய்விட்டது. இடது கண்ணில் ஊசி போட்டுக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாமாம். கண்ணிலா ஊசி என்றேன். கண்ணில்தானாம். உன்னைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. வழி முழுக்க இவன் பேஸ்பால் பேசினான்.

திங்கட்கிழமை பஸ் சாவியைப் பள்ளிக்கூட ஆபீஸில் கொடுத்துவிட்டேன். மேசையிலிருந்த பெண், "லீவு வேணுமா, மிஸ்டர் ப்ரூயட்?" என்றாள். "இல்லம்மா, கண்ணு தெரியல" என்றேன். அதைச் சொன்ன பிறகு எப்படி வெளியே வந்தேன் என்று ஞாபகம் இல்லை. ஷெட்டுக்குப் போய் பஸ்ஸைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றேன். இனி உன் கடிதத்தைத் தபாலில் போடவேண்டாம்.

எடை போட்ட இடத்தில் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து வா. க்ளோவிஸ் எல்லாரையும் அடுத்த மாசம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக்கு வரச்சொல்லியிருக்கிறான். அங்கே சத்தமாகச் சொல்கிறேன்.

உன் தையல் பெட்டியிலிருந்து மஞ்சள் நரம்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். கதவருகே நின்று பார்த்தேன், தெரிகிறது. ரீலில் நான் கை வைக்கவில்லை. தயவுசெய்து நீ வந்து சுற்று.

கீழே ஒரு வரி நானே எழுதுகிறேன், பேனாவைக் கொடு என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

*நெல்டா நான் உன்னை அன்றைக்கு*

*

ஆகஸ்ட் 1

டாயில்,

கடிதத்தில் 'தயவுசெய்து' என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. 'அன்புள்ள' என்று ஒரு இடத்தில் இருக்கிறது. இவை நீ சொன்னவையா, க்ளோவிஸ் சேர்த்தவையா? முப்பத்து நாலு வருஷத்தில் நான் இவற்றை உன் வாயிலிருந்து கேட்டதில்லை. வந்து இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரிப்பேன். தயாராக இருங்கள்.

ஆபீஸுக்கு எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். தபால்தலையைப் பிய்த்து இந்த உறையில் ஒட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வரலாம் என்று கனவு காணாதே. வெர்னா கொண்டுவந்து விடுகிறாள். டாக்டர் அடுத்த ஊசிக்கு எந்த நாள் சொன்னார் என்று கேட்டு வை, நான் ஓட்டுகிறேன்.

உன் கையால் எழுதிய அந்த வரி காகிதத்தை விட்டு இறங்கிப் போய்விட்டது. மீதி மேசைமேல்தான் இருக்கும். யாரையும் துடைக்க விடாதே. நான் வந்து படித்துக்கொள்கிறேன்.

நெல்டா